கையால் பேசும் மக்கள்

பிறர்க்கு உதவ வேண்டும் என்னும் எண்ணம் உயர்ந்தது. எனினும், அவ்வெண்ணம் மட்டுமே உதவியாகிவிடாது. உதவி பெறுவோர் எம்மொழியிற் பேசுவோர், எவற்றை மரியாதையாகக் கொள்வோர், எவற்றை அவமதிப்பாகக் கருதுவோர் என்பவற்றை அறியாது செய்யும் உதவி, சில வேளைகளில் துன்பமாகவே முடிவதுண்டு. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அலுவலர் முதலாகப் பலரோடும் பழகிப் பணிபுரிவோர் அனைவர்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது. காது கேளாதார் சமுதாயத்தின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

காது கேளாமை என்றவுடன், அஃது ஒரு குறை என்னும் எண்ணமே பெரும்பாலோர் உள்ளத்தில் எழும். மருத்துவ நோக்கிற் காணின், அது செவிப்புலனின் குறையே. ஆனால், காது கேளாதார் பலர் ஒருங்கு கூடி வாழுமிடத்து, அவர்களுக்குள் ஒரு மொழி வளர்கிறது. மொழி வளர்ந்த இடத்தில் கதையும் நகைச்சுவையும் விருந்தோம்பும் முறையும் பெயரிடும் வழக்கமும் உடன் வளர்கின்றன. ஆதலின், அவர்கள் ஒரு புலன் குறைந்தோர் மட்டுமல்லர். தமக்கென ஒரு மொழியும் மரபும் உடைய சமுதாயத்தாரும் ஆவர். இவ்விரண்டு நோக்குகளுள் முன்னதை மட்டும் கண்டு பின்னதைக் காணாமையாலேயே பெருந்தவறுகள் பல நேர்ந்தன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரைக்கு அருகில், மார்த்தாஸ் வைன்யார்டு என்னும் தீவு ஒன்று உள்ளது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அங்குக் குடியேறினர். அவருட் பலர், இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்தோர் வழியினர். வெளியூராரோடு மணவுறவு மிகுதியாகக் கொள்ளாது, தீவினருக்குள்ளேயே அவர்கள் மணம் செய்துவந்தனர். அதனால், பிறவியிலேயே காது கேளாமை சில குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவர் காது கேளாதவராகப் பிறந்தார். அத்தீவிலோ 155 பேருக்கு ஒருவர் அவ்வாறு பிறந்தார். தீவின் மேற்பகுதியிலுள்ள சில்மார்க் என்னும் ஊரில் அது 25 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இருந்தது.

இங்ஙனம் காது கேளாதார் பலர் இருந்த அவ்வூர்களில், காது கேட்பவரும் சைகைமொழி கற்றனர். அதற்கெனப் பள்ளி ஏதும் இல்லை. குழந்தைகள் தாய்மொழியைக் கற்பது போலவே அதனையும் வீட்டிலும் தெருவிலும் கற்றனர். கடலில் படகுக்குப் படகு செய்தி கூறவும், வயலில் தொலைவில் நிற்பவரோடு பேசவும், காது கேட்பவரே தமக்குள் சைகைமொழியைக் கையாண்டனர். காது கேளாதார் ஏனையோரைப் போலவே மீன் பிடித்தனர், உழுதனர், மணந்து இல்லறம் நடத்தினர், ஊர்க்கூட்டங்களில் கலந்துகொண்டனர். நோரா குரோஸ் என்னும் மானிடவியல் அறிஞர், அத்தீவின் முதியவர்களைக் கண்டு கேட்டறிந்த செய்திகளை 1985-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அம்முதியவர்கள் தம் பழைய அயலாரை நினைவுகூர்ந்தபோது, ‘அவர் சிறந்த மீனவர்’, ‘அவர் நல்ல உழவர்’ என்பனவே முதலில் அவர்கள் நினைவுக்கு வந்தன. காது கேளாமை, கேட்ட பின்னரே நினைவுக்கு வந்தது.

இத்தீவு உணர்த்துவது யாது? காது கேளாமையின் அளவு அங்கும் பிற இடங்களிலும் ஒன்றே. ஆனால், அதனால் நேரும் தடை ஒன்றன்று. இருதிறத்தார்க்கும் பொதுவான மொழி இருந்த இடத்தில் தடை மிகச் சிறிதாயிற்று. அஃது இல்லாத இடத்தில் பெரிதாயிற்று.

பிற இடங்களில் இப்பொதுமொழிக்கு வழிவகுத்தவை பள்ளிகளே. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில், லெப்பே என்னும் பாதிரியார், காது கேளாத உடன்பிறந்தாள் இருவரைச் சந்தித்தார். காது கேளாதார் தமக்குள் கையால் உரையாடுவதைக் கண்டு, அம்மொழியைத் தாம் முதலில் அவரிடமிருந்து கற்று, அதன் வாயிலாகவே அவருக்குக் கல்வி கற்பிக்க முற்பட்டார். அவர் தொடங்கிய பள்ளியில், பிற்காலத்தில் மாணவராகச் சேர்ந்து ஆசிரியராக உயர்ந்தவர் லோரான் கிளேர் என்பவர். அவரும் காது கேளாதவரே. கற்பிக்கும் முறையை அறியும் பொருட்டு அமெரிக்காவிலிருந்து வந்த தாமஸ் காலடெட் என்பவர், கிளேரைத் தம் நாட்டிற்கு அழைத்தார். 1816-இல் இருவரும் கப்பலேறினர். 52 நாள் நீடித்த அக்கடற்பயணத்தில், கிளேர் காலடெட்டுக்குச் சைகைமொழி கற்பித்தார். காலடெட் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். ஒருவர்க்கொருவர் ஆசிரியரும் மாணவரும் ஆன இவ்விருவரும் 1817-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளியொன்றை நிறுவினர். மார்த்தாஸ் வைன்யார்டுத் தீவின் குழந்தைகளும் அங்கு வந்து பயின்றனர். பிரெஞ்சுச் சைகைகளும், மாணவர் தம் ஊர்களிலிருந்து கொணர்ந்த சைகைகளும் கலந்து, அமெரிக்கச் சைகைமொழி உருவாயிற்று.

இவ்வாறு வளர்ந்த முயற்சிக்கு 1880-இல் ஒரு பெருந்தடை நேர்ந்தது. அவ்வாண்டு இத்தாலி நாட்டின் மிலான் நகரில், காது கேளாதார் கல்வி பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்று கூடிற்று. 160-க்கும் மேற்பட்ட பேராளர் வந்திருந்தனர். அவருள் காது கேளாதவர் ஒருவரே. வாய்ப்பேச்சே உயர்ந்தது என்றும், உதட்டசைவைப் பார்த்து உணரவும் வாயால் ஒலிக்கவும் பழக்குவதே சிறந்த முறை என்றும் அம்மாநாடு முடிவு செய்தது. அமெரிக்கப் பேராளர்கள் மறுத்தும் பயனில்லை. அதன்பின் பல நாடுகளின் பள்ளிகளில் சைகைமொழி விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர் பலர் பணியிழந்தனர். கையால் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர்.

அம்முடிவைச் செய்தோர் கொடியவரல்லர். காது கேளாக் குழந்தைகள் உலகத்தாரோடு கலந்து வாழ வேண்டும் என்றே அவர்கள் எண்ணினர். ஆனால், அக்குழந்தைகளின் மொழியை மொழியென்று அவர்கள் கருதவில்லை. வளர்ந்த காது கேளாதாரின் கருத்தைக் கேட்கவும் இல்லை. உதட்டசைவை மட்டும் கண்டு சொல்லை உணர்தல் எளிதன்று. பகரமும் மகரமும் உதடுகளைச் சேர்த்தே ஒலிக்கப்படுவன. ‘படம்’ என்னும் சொல்லும் ‘மடம்’ என்னும் சொல்லும் காண்பவர் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். மாணவர் தம் பள்ளிக் காலத்தின் பெரும்பகுதியை ஒலிப்பயிற்சியிலேயே கழிக்க நேர்ந்தது. வரலாறும் கணக்கும் அறிவியலும் பின்தள்ளப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்த தவறு, பல தலைமுறைகளின் கல்வியைக் குறைத்தது.

சைகைமொழி முழுமையான மொழியே என்பதை ஆராய்ந்து நிறுவியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஸ்டோக்கி. வாஷிங்டன் நகரிலிருந்த காலடெட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்த அவர், 1960-இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஒரு சொல் எழுத்துகளாற் பிரிக்கப்படுவது போல, ஒரு சைகையும் கையின் வடிவம், அது வைக்கப்படும் இடம், அதன் அசைவு என்னும் கூறுகளாகப் பிரிக்கப்படும் என்று அவர் காட்டினார். அமெரிக்கச் சைகைமொழியில், விரித்த கையின் பெருவிரலை நெற்றியில் வைத்தால் தந்தை என்பது பொருள். அதே கையை மோவாயில் வைத்தால் தாய் என்பது பொருள். முகமும் இலக்கணத்தின் பாற்பட்டதே. ஆம், இல்லை என்னும் விடையை வேண்டும் வினாவாயின் புருவம் உயரும். யார், எங்கே, ஏன் என்னும் வினாவாயின் புருவம் சுருங்கும். இதனை அறியாதவர், புருவம் சுருங்கக் கண்டு, ‘இவர் சினந்து பேசுகிறார்’ என்று பிழையாக எண்ணிவிடுவர்.

மொழி வேறுபடுமாயின் பழக்கங்களும் வேறுபடும். காது கேட்பவர் ஒருவரை அழைக்கக் குரல் கொடுப்பர். காது கேளாதார் தோளை மெல்லத் தட்டுவர், கையை அசைப்பர், மரத்தளமாயின் காலால் தட்டி அதிர்வெழுப்புவர், அறையில் பலர் இருப்பின் விளக்கை அணைத்து ஏற்றுவர். அறிமுகமில்லாதவரைத் தொடுதல் பிறரிடத்தில் அநாகரிகம் எனப்படலாம். இவரிடத்தில் அஃது இயல்பான அழைப்பே. உரையாடும்போது கண்ணை வேறிடம் திருப்புதல், காதைப் பொத்திக்கொள்வதற்கு நிகரான அவமதிப்பாகும். சைகையால் பேசிக்கொண்டிருக்கும் இருவரிடையே செல்ல நேர்ந்தால், நின்று நெடுநேரம் மன்னிப்புக் கேட்பதனினும், விரைந்து கடந்துவிடுவதே நயமானது. நிற்குந்தோறும் அவர்தம் பேச்சு தடைப்படும் அன்றோ?

இருவர் முதன்முறை சந்திக்குங்கால், ‘எப்பள்ளியில் படித்தீர்?’ என்று வினவுவது அவர்தம் வழக்கம். பிறர்க்கு இது வியப்பாகத் தோன்றும். காது கேளாத குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர், காது கேட்கும் பெற்றோர்க்குப் பிறந்தவர். ஆதலின், பலர் தம் மொழியையும் மரபையும் வீட்டிற் பெறாமல், விடுதியோடு கூடிய பள்ளிகளிலேயே பெற்றனர். பள்ளியின் பெயரைக் கேட்பது, சொந்த ஊரைக் கேட்பது போன்றதாகும். ஒருவர்க்குரிய சைகைப் பெயரும் அச்சமுதாயத்தார் மனமுவந்து இடுவதே. தமக்குத் தாமே இட்டுக்கொள்வது முறையன்று. விருந்து முடிந்து விடைபெறும்போதும் வாயிலில் நின்று நெடுநேரம் பேசுவர். தொலைவில் உள்ளவரோடு உரையாடத் தொலைபேசி பயன்படாதிருந்த காலத்தில், நேரிற் சந்திப்பதே அவர்க்குப் பேச்சு. ஆகவே பிரிய மனம் வருவதில்லை.

எனினும், காது கேளாதார் அனைவரும் ஒரே தன்மையர் என்று கொள்ளுதலும் பிழையே. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழங்கும் பேச்சுமொழி ஆங்கிலமே. ஆயினும், பிரிட்டிஷ் சைகைமொழி வேறு. அமெரிக்கச் சைகைமொழி வேறு. ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காது. ஆங்கில எழுத்துகளைக் காட்டப் பிரிட்டனில் இரு கைகளும், அமெரிக்காவில் ஒரு கையுமே பயன்படுகின்றன.

ஒரே நாட்டினுள்ளும் வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், நிறவேற்றுமை காரணமாகக் கறுப்பின மாணவர்க்குத் தனிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. காது கேளாதார் கல்வியும் அவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தது. அப்பள்ளிகளில் வளர்ந்த சைகைமொழி, தனக்கென ஒரு போக்கைப் பெற்றது. வெள்ளையர் பள்ளிகளில் வாய்ப்பேச்சு முறை ஓங்கிய காலத்திலும், கறுப்பினத்தார் பள்ளிகளில் சைகைமொழி பெரிதும் நிலைத்தது. ஒரு கையால் காட்டும் வழக்கம் பிறரிடம் பரவிய பின்னரும், இரு கைகளாலும் காட்டும் பழைய முறையை அவர்கள் போற்றிவந்தனர். 1968-இல் அலபாமா மாநிலத்தில் இருவகைப் பள்ளிகளும் ஒன்றாக்கப்பட்டன. அப்போது அங்கு மாணவியாய்ச் சேர்ந்த கேரலின் மெக்காஸ்கில் என்பவர்க்கு, வெள்ளை ஆசிரியர்களின் சைகைகள் பல விளங்கவில்லை. தம் மொழியைத் தாழ்ந்தது என்று கருதி, அவர் புதியவற்றைக் கற்றுக்கொண்டார். பின்னர் அவரே காலடெட் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ஏனைய அறிஞரோடு சேர்ந்து, கறுப்பினத்தார் சைகைமொழியின் வரலாற்றையும் இலக்கணத்தையும் ஆராய்ந்து 2011-இல் நூலாக வெளியிட்டார். தாழ்ந்தது எனக் கருதப்பட்ட மொழி, ஒழுங்கான மரபுடையது என்பது அதனால் விளங்கிற்று.

பிறநாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் இவ்வேறுபாடு இன்னும் பெருகும். ஒரு குழந்தையின் வீட்டில் ஸ்பானிய மொழி பேசப்படலாம். பள்ளியில் எழுதப்படுவது ஆங்கிலம். தோழரோடு பேசுவது அமெரிக்கச் சைகைமொழி. ஆக, அக்குழந்தை மும்மொழிகளுக்கிடையே வாழ்கிறது. ஆசிய நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில், பெரியோர் பேசுங்கால் பார்வையைத் தாழ்த்துதல் பணிவு எனப்படும். சைகைமொழியிலோ, பார்வையைத் தாழ்த்தினால் பேச்சே அறுபடும். வீட்டிற் கற்ற பணிவைப் பள்ளியிலும் காட்டும் குழந்தையை, ‘இவன் கவனிப்பதில்லை’ என்று ஆசிரியர் கடிந்துகொண்டால், குற்றம் குழந்தையுடையதன்று. எந்த மரபிலிருந்து அது வருகிறது என்பதைக் கேட்டறிவது ஆசிரியர் கடமை.

காது கேளாதாரோடு பணிபுரிவோர் மனங்கொள்ள வேண்டிய முறைகள் சில உள. பேசுபவர் முகத்தில் ஒளி விழும்படி அமர்தல் வேண்டும்; சாளரத்தின் எதிரொளியில் அமர்ந்தால் முகம் இருண்டு தோன்றும். உரக்கக் கத்துவதால் பயனில்லை. சைகை மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பின், அவரைப் பார்த்து, ‘இவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேளும்’ என்று கூறுதல் தகாது. நோயாளியையே நோக்கி, ‘உங்களுக்கு எங்கே வலிக்கிறது?’ என்று வினவுதல் வேண்டும். பேசுபவர் இருவர், மொழிபெயர்ப்பாளர் பாலம் மட்டுமே. வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்வதும் முறையன்று. தாயின் கொடிய நோயைத் தாய்க்கு எடுத்துச் சொல்லும் சுமையைச் சிறு குழந்தை எங்ஙனம் தாங்கும்? ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும் என்று நினைப்பவரும் உளர். சைகைமொழியைத் தம் மொழியாகக் கொண்டவர்க்கு, எழுதும் மொழி இரண்டாம் மொழியே ஆதலின், மருந்தின் அளவு போன்ற நுட்பமான செய்திகள் எழுத்தால் மட்டும் முழுதும் விளங்கிவிடும் என்று கொள்ளுதல் இடர் தரும். அமெரிக்காவில் மொழிபெயர்ப்பாளர்க்கென 1964-இல் ஓர் அமைப்புத் தோன்றியதும், மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் தக்க கருத்துப் பரிமாற்றத்திற்கு வழிசெய்ய வேண்டும் என்று 1990-இல் சட்டம் இயற்றப்பட்டதும் இக்காரணங்கள் பற்றியே.

இவை அனைத்திற்கும் மேலாக வேண்டுவது, அவர்தம் செய்திகளில் அவரையே முடிவு செய்யவிடுதல். 1864-இல் நிறுவப்பட்ட காலடெட் கல்வி நிலையத்திற்கு, 124 ஆண்டுகளாகக் காது கேட்பவரே தலைவராய் இருந்துவந்தனர். 1988-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், காது கேளாத அறிஞர் இருவர் தகுதியோடு நின்றபோதும், சைகைமொழி அறியாத ஒருவரையே ஆட்சிக்குழுவினர் தலைவராகத் தேர்ந்தனர். மாணவர்கள் பல்கலைக்கழக வாயில்களை அடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். ஆசிரியரும் வெளியாரும் துணைநின்றனர். ஒரு வாரத்திற்குள் அத்தலைவர் விலகினார். கிங் ஜோர்டான் என்பவர், காது கேளாதாருள் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார்.

மிலான் முடிவும் அழியாமல் நிற்கவில்லை. 130 ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், அதே மாநாட்டு வரிசையில் கனடா நாட்டு வான்கூவர் நகரிற் கூடியவர்கள், சைகைமொழியை விலக்கிய பழைய தீர்மானங்களைத் தள்ளி, அவற்றால் நேர்ந்த தீங்கிற்கு வருத்தம் தெரிவித்தனர். ஐக்கிய நாடுகள் அவை செப்டம்பர் 23-ஆம் நாளைச் சைகைமொழிகளின் பன்னாட்டு நாள் என்று அறிவித்தது. 2018 முதல் அந்நாள் கொண்டாடப்படுகிறது. இந்தியாவில், இந்தியச் சைகைமொழியின் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நடுவண் நிறுவனம் 2015-இல் புதுதில்லியில் அமைந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் சைகைமொழியைக் கருத்துப் பரிமாற்ற முறைகளுள் ஒன்றாகக் கூறுகிறது.

மார்த்தாஸ் வைன்யார்டுத் தீவில், வழிவழியாக வந்த காது கேளாதாருள் இறுதியானவர் 1952-இல் மறைந்தார். அத்தீவினர், அயலார்க்கு உதவுகிறோம் என்று எண்ணிச் சைகைமொழி கற்றவரல்லர். அயலாரோடு பேச வேண்டும் என்பதற்காகவே கற்றனர். அங்கு இயல்பாகக் கிட்டிய அந்நன்மையை, பிற இடங்களில் வாழ்வோர் முயன்றே பெறுதல் வேண்டும். பாரிஸ் நகரப் பாதிரியார் செய்ததும், கப்பலில் காலடெட் செய்ததும் அதுவே. கற்பிக்கச் செல்பவர் முதலில் கற்பவராக அமர்வராயின், வேறுபாடு எதுவாயினும், அவர் செய்யும் பணி பயன் தரும்.